ஊத மறுத்தவள்

இடலினா பெத்தன்கோர் முப்பத்தோரு வருடமாக ஒயின் ஆலையில் வேலை பார்க்கிறாள். வாழ்க்கையில் ஒரு முழுக் கோப்பை ஒயின் குடித்ததில்லை. சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவளுக்குப் பிடித்தது பால் நிறைய ஊற்றிய காப்பி. "மாட்டுப் பண்ணைக்காரன் வீட்டுக்குப் போயும் மாட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா தூங்கறான்? இது வேலை. வேலை முடிஞ்சா முடிஞ்சது," என்பாள்.

அவள் வீடு இருக்கும் லாஸ் பர்ராஸ் ஊரிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி, கலிபோர்னியச் சமவெளியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஆலை. அறுவடை நாட்களில் காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் மாலை ஐந்துக்குத்தான் வெளியே வருவாள். சக்கையை வாருவது, குழாய் இழுப்பது, தொட்டி கழுவுவது, எல்லாம் செய்வாள். ஆனால் ஆலையில் அவளுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதென்றால் அது அவள் நாக்குக்காக. நொதித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் பிடித்து, வாயில் சுழற்றி, தரையில் ஓடும் சாக்கடையில் துப்புவாள். எந்தத் தொட்டி கெடப் போகிறது என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். மேஸ்திரி ரஸ் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, "இடலினா, ருசி பாத்தியா?" என்பான். "பாத்தாச்சு," என்பாள். இரண்டு பேருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி.

வீட்டில் அவளும் தம்பி அர்மிந்தோவும்தான். அவன் கதை தனி. பால் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆறு வருடத்துக்கு முன்னால், போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய அவர்கள் ஆட்கள் எல்லாம் கூடும் திருவிழாவுக்குப் போய், ரொட்டி மேல் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றிய சோப்பா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது போலீஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். குடித்திருக்கிறானா என்று பார்க்கும் சோதனைக்கு மறுத்தான் என்று எழுதி, ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு ரோஸ் நிறத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு முப்பது நாள் வண்டி ஓட்டலாம். அர்மிந்தோ என்ன செய்தான்? முப்பது நாள் இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று காரின் இழுப்பறையில் போட்டான். விசாரணை வேண்டும் என்று கேட்பதற்குப் பத்தே நாள்தான் கெடு என்று அதே தாளில் கொசு மாதிரி எழுத்தில் போட்டிருந்தது. யார் படித்தார்கள்? பத்து நாள் போனது, ஒரு வருடத்துக்கு உரிமம் போனது, டேங்கர் வேலையும் போனது. வருடம் முடிந்து திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. வீட்டில் கோழி வளர்த்தான், சமைத்தான், ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இடலினா வாயும் சும்மா இருக்கவில்லை. கோபம் வந்தால், "போடா குடிகாரா," என்பாள். அவன் எழுந்து கோழிகளிடம் போய்விடுவான்.

ஆகவே அந்த வீட்டின் சக்கரம் அவள் ஒருத்தி. பஸ் கிடையாது. அவள் வேலைக்கு, அவன் முதுகு வலி டாக்டருக்கு, கோழித் தீவனத்துக்கு, ஞாயிறு பூசைக்கு, எல்லாவற்றுக்கும் அவளுடைய பழைய டிரக்தான்.

தம்பி ஏமாந்த மாதிரி நான் ஏமாறமாட்டேன் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். நூலகத்தில் இலவசமாக வைத்திருந்த சட்டத் தாள் ஒன்றை எடுத்து வந்து மனப்பாடமே செய்துவிட்டாள். சாவடியில் நிறுத்தினால் உரிமமும் காப்பீடும் காட்டியே ஆகவேண்டும். எங்கே போனாய், என்ன குடித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. கோட்டில் நட, ஒற்றைக் காலில் நில் என்றால் மாட்டேன் எனலாம். ரோட்டோரத்தில் நீட்டும், மூச்சில் மதுவைப் பார்க்கும் கையடக்கக் கருவியில் ஊதவும் மறுக்கலாம். ஆனால் கைது செய்துவிட்டால் அதன்பிறகு மறுக்கக் கூடாது. ஊதுவதா, ரத்தம் கொடுப்பதா என்பது மட்டும் நம் இஷ்டம். கைதுக்கு முன்னால் ஒரு 'மாட்டேன்', கைதுக்குப் பின்னால் ஒரு 'மாட்டேன்'. முதலாவது உரிமை, இரண்டாவது குற்றம். இவ்வளவுதான் விஷயம். எத்தனை பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாசமாகப் போயிருக்கிறார்கள் தெரியுமா!

அந்தச் சனிக்கிழமை ஊரில் திராட்சைத் திருவிழா. கூட்டம் கலைந்து போகும் பாதையில் மாலை ஆறு மணிக்கே சாவடி போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மூன்று வண்டிக்கு ஒன்று என்று நிறுத்தினார்கள். இடலினா சரியாக மூன்றாவது. திருவிழாவுக்குப் போனவளா அவள்? பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து, இரும்புத் தகடு மாதிரி விறைத்த முதுகோடு வீட்டுக்குப் போகிறவள். சட்டையில் ஒயின், தலைமுடியில் ஒயின், நகக்கண்ணில் ஊதாக் கறை. தொட்டிக்கு அடிக்கும் கந்தகப் புகையில் கண் இரண்டும் கோவைப்பழம்.

கிரெய்டன் என்ற போலீஸ்காரர் ஜன்னலருகே குனிந்தார். குனிந்தவர் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மேடம், வண்டியில ஒயின் வாடை ஆளைத் தூக்குதே. குடிச்சீங்களா?"

இடலினா உரிமத்தை நீட்டினாள். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் இது. தாளில் படித்திருக்கிறாள், தெரியும். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் தாளைவிடப் பெரிதல்லவா? அதுவும் குடித்தாயா என்று கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"குடிக்கறதா? நானா? ருசி பாத்தேன். பதினாலு தொட்டி. அத்தனையும் துப்பியாச்சு."

போச்சு! ஒயின் ஆலைக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு வாக்குமூலம் கொடுக்கமாட்டார்கள். கிரெய்டன் குறிப்பேட்டை எடுத்தார்.

"பதினாலா?"

"இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதோடு வாயைப் பூட்டினாள். கிரெய்டன் அவளை இறங்கச் சொன்னார், இறங்கினாள். கோட்டில் நடக்கச் சொன்னார்.

"முடியாது ஆபீசர். அது என் இஷ்டம்தானே? நடக்க விரும்பல."

கையடக்கக் கருவியை நீட்டினார். "இதுலயாவது ஊதுங்க. ஒண்ணுமில்லன்னா ரெண்டு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

"இதுவும் என் இஷ்டம். ஊதல. நாள் பூரா வாயில ஒயின் வச்சுத் துப்பினவ நான். அந்தக் கருவி என் வயித்தையா பாக்கும்? வாயைத்தான் பாக்கும்."

"நல்லாத்தான் படிச்சு வச்சிருக்கீங்க," என்றார் அவர், சிரிக்காமல். வாடை, சிவந்த கண், பதினாலு தொட்டி. கைது செய்ய அவருக்கு அது போதும். செய்தார். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவசரக்காரர். அன்று மாலை அவருக்கு முன்னால் இன்னும் நாற்பது வண்டி நின்றது.

இனிமேல் மறுக்கக் கூடாது என்று இடலினாவுக்குத் தெரியும். ஸ்டேஷனில் மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே சுவர்க் கடிகாரம். கிரெய்டன் அட்டையிலிருந்து கடகடவென்று படித்தார்: "சட்டப்படி நீங்க சோதனைக்கு உட்பட்டே ஆகணும். ஊதறதா, ரத்தமா, நீங்களே சொல்லலாம்."

தொட்டிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அளவு பார்க்கிறவர் முதலில் மணியைச் சொல்லவேண்டும், பிறகு அளவு. உரக்கச் சொல்லவேண்டும், பம்பு இரைச்சலுக்கு மேலே எழுதுகிறவர் காதில் விழவேண்டும். மணி இல்லாத அளவை ரஸ் எழுதவே மாட்டான். இடலினா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் யோசித்துச் செய்யவில்லை, அதுவாக வந்தது.

"ஆறு அம்பத்திரண்டு. ரத்தம்."

கிரெய்டன் திடுக்கிட்டார். "கத்தாதீங்க மேடம். ரத்தம் எடுக்கிற நர்ஸ் திருவிழா நெரிசல்ல மாட்டிக்கிட்டாங்க. வர முக்கால் மணி நேரம் ஆகும். மெஷின் இதோ பக்கத்துலயே இருக்கு. ஊதிட்டுப் போயிடலாம்ல?"

"காத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "என்ன, ஊதறீங்களா?"

"ஆறு அம்பத்தெட்டு. ரத்தம்."

சாவடியிலிருந்து வயர்லெஸ்ஸில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது தடவை வந்தபோது மெஷின் குழாயை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "கடைசியாக் கேக்கறேன். ஊதுவீங்களா, மாட்டீங்களா?"

"ஏழு ஒம்பது. ரத்தம். நர்ஸ் வர்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன். ராத்திரி பூரா உக்காரச் சொன்னாலும் உக்காருவேன்."

கிரெய்டன் பெருமூச்சு விட்டார். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். நர்ஸ் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உரிமத்தை வாங்கிக்கொண்டு ரோஸ் தாளைக் கிழித்துக் கொடுத்தார். இடலினா அங்கேயே நின்றுகொண்டு வரி விடாமல் படித்தாள். 'சோதனைக்கு மறுத்தார்' என்று இருந்தது.

"நான் எங்கே மறுத்தேன்?"

"ஊதலயே."

"ரத்தம் எடுத்துக்கோன்னு கரடியாக் கத்தினேனே ஆபீசர்!"

"அதை விசாரணையில சொல்லிக்கங்க," என்று அவர் போய்விட்டார்.

வெளியே விட்டதும் ரஸ்ஸைக் கூப்பிட்டாள். ரஸ் ஆலை டிரக்கில் வந்தான். "வீட்டுக்குத்தானே?" என்றான். "ஆஸ்பத்திரிக்கு. இவங்க எடுக்காத ரத்தத்தை நானே கொடுக்கப் போறேன்," என்றாள். அங்கே போய்க் கையை நீட்டினாள். இரண்டு நாளில் முடிவு வந்தது: மதுவே இல்லை. சுத்த சைபர்.

ஆலையில் எல்லாரும் கை தட்டினார்கள். அரசு வக்கீலும் அந்த முடிவைப் பார்த்துவிட்டு வழக்குப் போடவில்லை. கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? கேளுங்கள் அநியாயத்தை. வழக்கு வேறு, உரிமம் வேறு. உரிமத் துறைக்கு அவள் குடித்தாளா என்பதே கேள்வி இல்லை. கைதுக்குப் பிறகு மறுத்தாளா என்பதுதான் கேள்வி. மறுத்தது நிஜமென்றால், ரத்தத்தில் ஒரு சொட்டு மது இல்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்கு உரிமம் கிடையாது. வேலைக்குப் போக மட்டும் ஓட்டுகிறேன் என்ற சலுகைகூடக் கிடையாது. ஒரு வருடம் என்றால் அறுவடை போச்சு, வேலை போச்சு, பதினெட்டு மைல் தூரத்தில் இரண்டு பேர் கோழிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை, கைதாகி இரண்டாம் நாள், ஆலைக்குக் கிளம்புவதற்கு முன்பே பெரிய எழுத்தில் விசாரணைக் கோரிக்கையை எழுதிவிட்டாள். உரிமத் துறை திறந்த நிமிடமே போன் செய்து விசாரணை கேட்டாள். எழுதியதையும் பதிவுத் தபாலில் போட்டாள். விசாரணை முடியும்வரை ஓட்டலாம் என்று பதில் வந்தது. பிறகு ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம்: அன்று மாலை போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமராப் பதிவு வேண்டும். பதில் இல்லை. இன்னொரு கடிதம். பதில் இல்லை. மூன்றாவது தடவை நேரிலேயே போய் நின்றாள்.

"பதிவு கிடைக்க நாளாகும் மேடம்," என்றது ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்.

"ஆகட்டும். நாளைக்கும் வருவேன். மதியச் சாப்பாட்டையும் இங்கேயே கொண்டுவந்துடுவேன். பூண்டு போட்ட தொத்திறைச்சி. வாடை பரவாயில்லையா?"

நான்காம் நாள் பதிவு கைக்கு வந்தது.

அர்மிந்தோவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு முதுகைக் காட்டியே பேசினான். "விட்டுத் தொலையேன் அக்கா. அவங்க எழுதினது எழுதினதுதான். நாம சொன்னா யார் கேக்கப் போறா?"

"உன்னை மாதிரி வாயைப் பொத்திக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

அவன் கரண்டியை வைத்துவிட்டுக் கோழிகளிடம் போய்விட்டான்.

விசாரணை உரிமத் துறையில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் நடந்தது. நீதிபதி இல்லை, திருமதி டக்கெட் என்ற அதிகாரி. வெள்ளை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கிரெய்டன் போனில் இருந்தார். இடலினா வக்கீல் வைக்கவில்லை. பூசைக்குப் போடும் நீலச் சட்டை போட்டிருந்தாள். நகக்கண்ணில் கறை மட்டும் போகவில்லை. அர்மிந்தோ துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"உங்களைக் கைது பண்ணது தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் டக்கெட்.

"இல்ல மேடம். பதினாலு தொட்டி ருசி பாத்தேன்னு என் வாயாலயே சொன்னேன். அது என் நாக்கு செஞ்ச வேலை. அதுக்கு அவரைக் குத்தம் சொல்லமாட்டேன்."

டக்கெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ரோட்டோரத்துல ஊத மறுத்தது நிஜமா?"

"நிஜம். மறுக்க எனக்கு உரிமை இருக்கு. கைது பண்ணப்பறம் நான் எதையும் மறுக்கல. ஆபீசர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

இடலினா போனைப் பார்த்துத் திரும்பினாள். குரலை நடுங்க விடவில்லை. "ஆபீசர், நீங்க ரெண்டுல ஒண்ணைச் சொல்லுன்னு கேட்டப்ப நான் எதைச் சொன்னேன்?"

போனில் தாள் புரளும் சத்தம். "ரத்தம்னு ஏதோ சொன்னீங்க. ஆனா ஊத மாட்டேன்னுட்டீங்களே."

"ஏதோன்னா? எத்தனை தடவை?"

"ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு. பதிவைப் போடுங்க மேடம்."

டக்கெட் பதிவை ஓட்டினார். பெஞ்சு, சுவர், ஒரு முழங்கை தெரிந்தன. அப்புறம் அந்தக் குரல், பம்பு இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல், சின்ன அறையில் மோதியது. "ஆறு அம்பத்திரண்டு. ரத்தம்." டக்கெட் சத்தத்தைக் குறைத்தார். "ஆறு அம்பத்தெட்டு. ரத்தம்." குறைத்தும் பயனில்லை. "ஏழு ஒம்பது. ரத்தம். நர்ஸ் வர்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்."

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. அர்மிந்தோ எழுந்து வெளியே போய்விட்டான். கழிப்பறைக்குப் போகிறான் என்று இடலினா நினைத்தாள்.

"மணியை ஏம்மா இப்படிக் கத்திச் சொன்னீங்க?" என்று கேட்டார் டக்கெட்.

"எங்க வேலையில மணி சொல்லாம அளவு சொன்னா குப்பையில போட்டுடுவாங்க மேடம்."

டக்கெட் எழுதிக்கொண்டார். பிறகு போனைப் பார்த்து, "ஆபீசர், ரெண்டுல எதுன்னு தேர்ந்தெடுக்கற உரிமை யாருக்கு?" என்று கேட்டார். "ஓட்டுநருக்கு," என்றார் கிரெய்டன். "நர்ஸை வர வேண்டாம்னு சொன்னது யாரு?" "நான்தான்."

அன்றைக்கே முடிவு சொல்லவில்லை. தபாலில் வரும் என்றார்கள். பன்னிரண்டு நாள் இடலினா தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். ஆலையில் தொட்டிகளைப் பாதி நினைப்போடு ருசி பார்த்தாள். ஒரு தொட்டி புளித்ததைத் தவறவிட்டாள். பதின்மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வாசலிலேயே கிழித்தாள். 'ஓட்டுநர் சோதனைக்கு மறுக்கவில்லை. உரிம ரத்து நீக்கப்படுகிறது.' இரண்டே வரி.

"ஜெயிச்சுட்டேன்டா!" என்று கத்திக்கொண்டே சமையலறைக்குள் ஓடினாள். "பாரு, மறுக்கலன்னு அவங்க கையாலயே எழுதிட்டாங்க! நாம சொன்னா யார் கேப்பான்னியே, கேட்டாங்கடா!"

அர்மிந்தோ உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினான். இரண்டு வரியை இரண்டு நிமிடம் படித்தான். சந்தோஷப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் முகம் அழுகிற முகமாக இருந்தது.

"நானும் அதையேதான் அக்கா சொன்னேன்."

"எதை?"

"ரத்தம்னு. அன்னைக்கு. ரெண்டு தடவை சொன்னேன். நர்ஸ் இல்ல, ஊதுன்னான். காத்திருக்கேன்னேன். மறுத்தான்னு எழுதிட்டான்."

இடலினா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நீ... குடிச்சிருக்கலயா?"

"விடிஞ்சா டேங்கர் எடுக்கணும். எப்படிக் குடிப்பேன்? சோப்பா சாப்பிட்டேன், பாட்டு கேட்டேன், வந்தேன்."

ஆறு வருடம். ஆறு வருடமாக அவனைக் குடிகாரா, குடிகாரா என்று கூப்பிட்ட வாய் அவளுடையது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "அட பாவி, அப்பவே ஏன்டா சொல்லல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு குடிச்சேன்னு கேட்டே. குடிச்சியான்னு நீ கேக்கவே இல்லையே அக்கா."

இடலினா கடிதத்தை மடித்து ஒரு ஓரமாக வைத்தாள். அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கறேன்," என்றாள். "முதல்லேருந்து சொல்லு."